மூவரும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம்

உட்காருங்கள் மேடம். சோபாவில் அந்த ஓரம் வேண்டாம், காலையில் பிள்ளை கக்கி வைத்த இடம். துடைத்துவிட்டேன், ஆனாலும் வேண்டாம். இப்படி ஃபேனுக்குக் கீழே வாருங்கள். இவனைத் தோளிலிருந்து இறக்க முடியாது, தப்பாக நினைக்காதீர்கள். இறக்கினால் முழித்துக்கொள்வான். நெற்றியைத் தொட்டுப் பாருங்கள். சுடுகிறதா? லேசாகவா? எனக்கு அப்படித் தெரியவில்லை. மத்தியானத்திலிருந்து தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

இருக்கட்டும். நீங்கள் வந்த விஷயத்துக்கு வருவோம். ஃபாதர் லியோனார்ட் காலையிலேயே போன் செய்துவிட்டார். "பத்திரிகையிலேருந்து ஒரு பொண்ணு வருதும்மா. நம்ம சமாதானக் கமிட்டிக்கு மெட்ராஸ்ல விருது குடுக்கிறாங்கல்ல, அதைப் பத்தி எழுத. நீதான் கோர்வையாப் பேசுவே, நாலு நல்ல வார்த்தை சொல்லு" என்றார். கோர்வையாகப் பேசுவேன்தான். எல்.கே.ஜி.யிலிருந்து ப்ளஸ் டூ வரை கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான். பேச்சுப் போட்டி என்றால் சிஸ்டர் முதலில் என் பெயரைத்தான் எழுதுவார். நாலு வார்த்தைக்கா பஞ்சம்? நல்ல வார்த்தையா என்பதுதான் கேள்வி.

அந்த போனில் ரெகார்ட் ஆகிறதா? ஆகட்டும். என் பெயரை மட்டும் போட்டுவிடாதீர்கள். 'ஒரு தாய்' என்று போடுங்கள், போதும்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த ஓதுவது, ஊதுவது, மந்திரிப்பது, எலுமிச்சம்பழம் சுற்றிப் போடுவது, இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது. படித்தவள். என் வீட்டுக்காரர் மெடிக்கல் ரெப். கோமதிநாயகம் என்று பெயர். திங்கட்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு போனால் சனிக்கிழமைதான் முகத்தைக் காட்டுவார். அவருக்கும் கிடையாது. இது என்னவென்றால், பிள்ளை விஷயம். பிள்ளை விஷயத்தில் நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்று யாரும் கேட்டுக்கொண்டு நிற்க மாட்டார்கள்.

இவனுக்கு, இந்த முகிலுக்கு, எட்டு மாதம் இருக்கும்போது ஒரு காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல்தான். மடியில் கிடந்தவன் சட்டென்று விறைத்தான். கண் மேலே சொருகிவிட்டது. கை, கால் வெட்டி வெட்டி இழுக்கிறது. உதடு நாவற்பழம் தின்ற மாதிரி ஆகிவிட்டது. நான் என்ன செய்தேன் என்கிறீர்கள்? ஒன்றும் செய்யவில்லை. வாயைத் திறந்து கத்தினேன், அவ்வளவுதான். கீழ் வீட்டில் இருக்கிற ரோஸ்மேரி டீச்சர், இந்த வீட்டின் சொந்தக்காரர், அவர்தான் படியேறி ஓடி வந்து பிள்ளையை ஒருக்களித்துப் போட்டு, ஆட்டோ பிடித்தார். டாக்டர் சிரிக்கிறார் மேடம். "ஜுர வலிப்பும்மா. எத்தனையோ பிள்ளைகளுக்கு வரும். அஞ்சு வயசுக்குள்ள தானா நின்னுரும்." அஞ்சு வயசாம்! அவருக்கு அது வாயில் வருகிற ஒரு வார்த்தை. நான் அன்றிலிருந்து ஒழுங்காகத் தூங்கியதில்லை. இவன் மூக்குக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டே படுத்திருக்கிறேன். மூச்சு வருகிறதா, வருகிறது. வருகிறதா, வருகிறது. இதுதான் என் படிப்புக்குக் கிடைத்த வேலை.

அதற்குப் பிறகு இவனும் தூக்கத்தில் வெடுக்கென்று துள்ளுவான். கண் திறந்தே இருக்கும், என்னைப் பார்க்க மாட்டான். என் தோளுக்குப் பின்னால் யாரோ நிற்கிற மாதிரி பார்த்துக்கொண்டு அலறுவான்.

ரோஸ்மேரி டீச்சர்தான் சொன்னார். ஒரு ஞாயிறு பூசை தவறவிடாத அம்மா. "பிள்ளை பயந்திருக்கு அனுஷியா. சாயங்காலம் பள்ளிவாசல்ல கொண்டு நிறுத்துவோம். என் பிள்ளைக மூணும் அங்க நின்னுதான் வளந்துச்சுக" என்றார். எனக்குச் சிரிப்பாக வந்தது. போனேன்.

நீங்கள் பார்த்திருப்பீர்களோ என்னவோ. பொழுது சாய்ந்ததும் தொழுகிற மஃரிப் தொழுகை முடிகிற நேரத்துக்குப் பள்ளிவாசல் கேட்டுக்கு வெளியே இரண்டு பக்கமும் பெண்கள் வரிசையாக நிற்பார்கள். இடுப்பில், தோளில், கையில் என்று பிள்ளைகள். எந்தச் சாதி, எந்த மதம் என்று ஒன்றும் கிடையாது. நெற்றியில் திருநீறு வைத்த பிள்ளையும் இருக்கும், கழுத்தில் சிலுவைக் கயிறு போட்ட பிள்ளையும் இருக்கும். சேலைத் தலைப்பை எடுத்துத் தலையில் போட்டுக்கொள்வார்கள். தொழுகை முடித்து ஆண்கள் தொப்பியோடு வெளியே வரும்போது, ஒவ்வொருத்தரும் வாய்க்குள் எதையோ ஓதிக்கொண்டே வந்து, பிள்ளை முகத்தில் 'உஃப்' என்று ஊதிவிட்டுப் போவார்கள். பாட்டிலில் தண்ணீர் வைத்திருந்தால் அதிலும் ஒரு ஊது. அவ்வளவுதான். காசு கேட்பதில்லை. யார், எவர் என்று கேட்பதில்லை. செருப்பைத் தேடிக்கொண்டே ஊதுகிறவர் உண்டு. போனை எடுக்கப் போகிற அவசரத்தில் ஊதுகிறவர் உண்டு.

ஒருவர் வெற்றிலை போட்டுக்கொண்டு ஊதிவிட்டார். நான் பையில் வெட் வைப்ஸ் பாக்கெட்டோடுதான் போவேன். ஒவ்வொருவர் ஊதி முடித்ததும் ஒரு தாள் எடுத்துப் பிள்ளை முகத்தைத் துடைத்துவிடுவேன். டீச்சர் தொடையில் கிள்ளுவார், "அவங்க மூஞ்சிக்கு முன்னாலயா துடைப்பே?" என்று. இதில் என்ன இருக்கிறது? சுத்தம் வேறு, மரியாதை வேறு. சிஸ்டர்கள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அது.

சைக்கிள் கடை வைத்திருக்கிற ஒரு பாய் வருவார். அவர் மட்டும் அவசரப்பட மாட்டார். உச்சந்தலையில் ஒன்று, நெற்றியில் ஒன்று, நெஞ்சில் ஒன்று. ஊதி முடித்து, "யாரு மருமவனே ஒன்னயப் பயங்காட்டுனது? சொல்லு, மாமன் போயி நாலு போட்டுட்டு வாரேன்" என்பார். இவன் பொக்கை வாயைக் காட்டிச் சிரிப்பான். மருமகனாம்! எதற்கும் ஒரு அளவு வேண்டாமா? ஆனால் கெட்டவர் இல்லை. ரமலானில் தூக்குச்சட்டி நிறைய நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பினார். எனக்கு வெளிக் கஞ்சி ஒத்துக்கொள்ளாது, குரோட்டன்ஸ் தொட்டியில் ஊற்றிவிட்டேன். பெயரா? பெயர் தெரியாது. கேட்கத் தோன்றவில்லை. பாய் என்றால் போதுமே.

முதல் நாள் நிறுத்திவிட்டு வந்த ராத்திரி இவன் ஒரு தடவைகூட எழவில்லை. அன்றைக்கு மழை பெய்து குளிர்ந்து கிடந்தது. குளிர்ச்சிக்குப் பிள்ளைகள் தூங்கும். அப்புறம் தினமும் போனேன். நடந்தால் இவனுக்குக் காற்றோட்டமாக இருக்கும் என்று போனேன்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் சமாதானம் வந்து சேர்ந்தது.

பக்கத்து ஊரில் ஏதோ ஊர்வலத்தில் ஏதோ பாட்டுப் போட்டார்களாம், கல் விழுந்ததாம், யாருக்கோ மண்டை உடைந்ததாம். எங்கள் ஊரில் ஒன்றும் நடக்கவில்லை. அரை நாள் கடையை மூடினார்கள், மூடினவர்களே பின் கதவு வழியாக வியாபாரம் செய்தார்கள். ஆனால் வாட்ஸ்அப் சும்மா இருக்குமா? எனக்கும் வந்தது, ஏழெட்டு வந்தது. பயத்தில் நானும் நாலு பேருக்கு அனுப்பினேன். எல்லாரும் அனுப்பினார்கள். உடனே மூன்று மதப் பெரியவர்களும் சேர்ந்து கமிட்டி போட்டுவிட்டார்கள். சிவன் கோயில் ராஜப்பா குருக்கள் தலைவர். பள்ளிவாசல் இமாம் ஜமாலுத்தீன் ஹஸரத் செயலாளர், சின்ன வயசுக்காரர், வெளியூரில் ஓதிப் பட்டம் வாங்கி வந்தவர். நம் ஃபாதர் பொருளாளர். கூட்டத்துக்கு வருகிற சப்-கலெக்டர் வடநாட்டுக்காரர், தமிழ் தத்தக்கா பித்தக்கா. அவருக்காக இங்கிலீஷில் தொகுத்து வழங்க ஆள் வேண்டும் என்று என்னைப் பிடித்தார்கள். பிள்ளையை டீச்சரிடம் கொடுத்துவிட்டு மேடையில் நின்றேன். அதனால்தான் சொல்கிறேன், எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான்.

என்னத்தைப் பார்த்தேன் தெரியுமா? மரம் நடுவது என்று முடிவு. நல்ல முடிவு. என்ன மரம்? அரசு என்றார் குருக்கள். அது பிள்ளையார் மரம் என்று ஹஸரத் முகம் சுருங்கியது. பேரீச்சை என்றார் அவர். இந்த மண்ணில் வராது என்றார் குருக்கள், மண்ணையா சொன்னார்? ஃபாதர் ஒலிவ மரம் என்று ஆரம்பித்தார், இரண்டு பேரும் சேர்ந்து திரும்பிப் பார்த்ததில் அப்படியே விழுங்கிவிட்டார். வேம்பு என்றால் அம்மன். கடைசியில் என்ன நட்டார்கள் சொல்லுங்கள்? அசோக மரம்கூட இல்லை. நர்சரிக்காரனிடம், எந்தச் சாமிக்கும் ஆகாத செடி எது என்று கேட்டு, ஒரு செயற்கைப் புல் மாதிரி ஏதோ ஒன்றை வாங்கி வந்து நட்டார்கள். அதை மறுவாரம் ஆடு தின்றுவிட்டது. அந்த ஆடு யாருடையது என்று அதற்கு ஒரு கூட்டம்.

பொதுக்கூட்டத்தில் யாருடைய பிரார்த்தனை முதலில்? அதிலும் இழுபறி. சரி, மௌனப் பிரார்த்தனை என்றார்கள். மூன்று பேரும் கண்ணை மூடினார்கள். மூடினவர்கள் திறக்கவே இல்லை மேடம்! யார் முதலில் கண்ணைத் திறக்கிறாரோ அவருக்குப் பக்தி குறைவு என்று ஆகிவிடுமே. சப்-கலெக்டர் இருமிப் பார்த்தார். நான் மைக்கில் தேங்க் யூ சொன்ன பிறகுதான் மூன்று ஜோடிக் கண்ணும் ஒன்றாகத் திறந்தது.

அந்தக் கூட்டத்தில்தான் பெண்கள் யாராவது தங்கள் கஷ்டத்தைச் சொல்லலாம் என்று சப்-கலெக்டர் கேட்டார். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. இந்த ஊர்ப் பெண்களே அப்படித்தான். மேடை வெறுமையாக இருக்கக்கூடாதே என்று நானே பேசினேன். நல்ல இங்கிலீஷ். பள்ளிவாசல் கேட்டில் சாயங்காலம் தாய்மார்கள் நிற்கிறோம், எதிரே டீக்கடையில் பைக்கை நிறுத்திக்கொண்டு சில பையன்கள் பார்க்கிறார்கள், இடிநெரிசல் அதிகம், ஒழுங்கு இல்லை, சுகாதாரம் இல்லை, பெரியவர்கள் இதைக் கொஞ்சம் முறைப்படுத்தினால் நன்றாக இருக்கும், இப்படி. சப்-கலெக்டர் குறித்துக்கொண்டார். 'வெரி வெல் புட்' என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். வீடியோ இருக்கிறது, வேண்டுமானால் அனுப்புகிறேன், அந்த நீலச் சேலையில் நான் நன்றாக இருப்பேன்.

அதற்கடுத்த கூட்டம் அறைக்குள்ளே. ரோஸ்மேரி டீச்சர் டீ ஊற்றப் போயிருந்தார், அவர் வந்து சொன்னார். மரத்தில் ஒத்துப்போகாதவர்கள், பிரார்த்தனையில் ஒத்துப்போகாதவர்கள், பிஸ்கட்டில் முட்டை இருக்கிறதா இல்லையா என்பதில்கூட ஒத்துப்போகாதவர்கள், ஒரே ஒரு விஷயத்தில் டீ ஆறுவதற்குள் ஒத்துப்போனார்களாம். என்ன விஷயம்? பள்ளிவாசல் கேட்டில் பெண்கள் பிள்ளையோடு நிற்கக்கூடாது!

குருக்கள் சொன்னாராம்: "எனக்கு ரொம்ப நாளா உறுத்தல் ஓய். நம்மாத்துப் பொம்மனாட்டிகள் முக்காடு போட்டுண்டு அங்க நிக்கறதும், கோயில் வாசல்ல ஈ ஓட்டறதும்." ஹஸரத் சொன்னாராம்: "எனக்கும் இதுல சம்மதமில்லீங்க. ஊதுறவன்கிட்ட ஏதோ சக்தி இருக்குன்னு நெனைக்கிறாங்க. அது மார்க்கத்துக்கு ஆகாது. ஜமாஅத்துல வயசானவங்க கேக்க மாட்டேங்கிறாங்க." நம் ஃபாதர் என்ன சொன்னார்? "மேலிடத்திலயும் நம்ம விசுவாசிகள் கண்ட இடத்துக்குப் போறதை விரும்புறதில்லை." மூன்று பேரும் எழுந்து கை குலுக்கினார்களாம். டீச்சர் சொல்கிறார், அவர்கள் முகத்தில் உண்மையான சந்தோஷத்தை அன்றைக்குத்தான் பார்த்தாராம். மதநல்லிணக்கம் மேடம்! எழுதிக்கொள்ளுங்கள்.

அசம்பாவிதம் தவிர்க்க, அவரவர் பிள்ளையை அவரவர் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று தீர்மானம். சாமி ஒன்றுதான், கேட் மட்டும் வேறு வேறு. அப்படியும் ஒற்றுமை தெரிய வேண்டுமே? அதனால் மாதம் ஒரு நாள் பள்ளிக்கூட மைதானத்தில் 'மும்மதக் குழந்தைகள் ஆசி விழா'. மூன்று பேரும் ஒரே மேடையில் உட்கார்ந்து எல்லாக் குழந்தைகளையும் ஆசீர்வதிப்பார்கள்.

அந்த விழாவுக்கு நான் போனேன். தொகுத்து வழங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன், பிள்ளையோடு ஒரு தாயாகப் போனேன். ஷாமியானா பந்தல், குழாய் ஸ்பீக்கர், பேனரில் மூன்று கை சேர்ந்த படம். பிள்ளைகளுக்கு டோக்கன். சிறப்பு விருந்தினர் வரவில்லை, வரவில்லை என்று வெயிலில் அத்தனை பச்சைப் பிள்ளைகளும் வாடி, ஒன்று அழ, அதைப் பார்த்து இன்னொன்று அழ, மைதானமே கீச்சுக் கீச்சென்று ஆகிவிட்டது. ஒவ்வொரு பிள்ளையாக மேடை ஏற்றினால் இரவாகிவிடும் என்று யாரோ சொன்னார்கள். குருக்கள் ஒரு தட்டில் விபூதியைக் கொடுத்தனுப்பி வரிசையில் இட்டுக்கொள்ளச் சொன்னார். ஃபாதர் தீர்த்தத்தை மேடையிலிருந்தே தெளித்தார், முன்வரிசைக்கு விழுந்தது. ஹஸரத் என்ன செய்வார்? ஊதுவது ஆளுக்கு ஆள் ஊத வேண்டியது. மூன்றில் ஒன்று குறைந்தால் சமத்துவம் போயிற்றே! அப்போது நம் தலைவர் குருக்களுக்கு ஒரு யோசனை.

"மைக்ல ஊதிடுங்கோ ஹஸரத். எல்லாக் கொழந்தைக்கும் ஒரே நேரத்துல போய்ச் சேரும்."

சத்தியமாகச் சொல்கிறேன். மைக்கைக் கொண்டுபோய் அவர் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தார்கள். அந்த மனுஷர் தயங்கினார்தான். மற்ற இரண்டு பேரும் தங்கள் பங்கை முடித்துவிட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களே. ஓதினார். கண்ணை மூடிக்கொண்டு ஊதினார்.

புயல் அடித்த மாதிரி மேடம்! நான்கு மூலையிலும் குழாய் ஸ்பீக்கர். 'பூஊஊ' என்று ஒரு சத்தம், அதன் பின்னாலேயே கீய்ய் என்று ஒரு விசில். பந்தல் கம்பத்தில் உட்கார்ந்திருந்த காக்கா எல்லாம் எழும்பிவிட்டது. பயம் தெளிய வேண்டும் என்று கொண்டுவந்த பிள்ளைகள்! அத்தனையும் ஒரே குரலில் வீறிட்டன. என் முகில் கையில் ஒரு துள்ளுத் துள்ளி விறைத்தான். விறைத்த விறைப்பில் எனக்கு உயிர் போய்விட்டது, அதே மாதிரி கண் சொருகப் போகிறது என்றே நினைத்தேன். பிறகு அழுகை வந்தது, அழுகை வந்ததே எனக்குப் பெரிய ஆறுதல். மறுநாள் பேப்பரில் படம் போட்டிருந்தார்கள்: 'ஆசி பெற்ற பரவசத்தில் கண்ணீர் மல்கும் குழந்தைகள்.' உங்கள் பேப்பர்தானா அது? இல்லையா? சரி.

அந்த வாரம் முழுக்க இவன் தூங்கவில்லை. மிக்சி போட்டால் அலறுவான். குக்கர் விசிலடித்தால் அலறுவான். சாப்பாடு இறங்கவில்லை, எடை குறைந்தது. நான் எந்தக் கமிட்டிக்காகவும் காத்திருக்க முடியாது என்று சாயங்காலம் தூக்கிக்கொண்டு பள்ளிவாசலுக்கே போனேன். கேட்டில் 'அமைதித் தொண்டர்' என்று பேட்ஜ் குத்திக்கொண்டு இரண்டு பேர். ஒருவன் திருநீறு, ஒருவன் தொப்பி. பார்த்தாலே ஒற்றுமை! "அக்கா, இங்க நிக்கக் கூடாதுக்கா. உங்களுக்குக் கோயில்ல ஏற்பாடு பண்ணிருக்கு" என்று எவ்வளவு மரியாதையாகச் சொல்கிறார்கள். நான் நகரவில்லை. தொழுகை முடிந்து எல்லாரும் வந்தார்கள். ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. குனிந்து செருப்பை மாட்டுகிறார்கள், போகிறார்கள். சைக்கிள் கடை பாய் வந்தார். இவன் அவரைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினான். அவர் நின்றார். பேட்ஜைப் பார்த்தார். சட்டைப் பையில் இல்லாத எதையோ தேடினார். போய்விட்டார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. நேரே ஃபாதரிடம் போனேன். "ஊர்ல வேற வேலையே இல்லையா ஃபாதர் உங்க மூணு பேருக்கும்? பிள்ளையைத் தூக்கிட்டு நிக்கிறவதான் கலவரம் பண்ணப் போறாளா?" என்று கேட்டேன்.

அவர் நாற்காலியில் நெளிந்தார். "நாங்களா ஆரம்பிச்சோம்? ஒரு தாயே எந்திரிச்சு, அங்க ஒழுங்கில்ல, சுகாதாரமில்லன்னு சப்-கலெக்டர் முன்னால புகார் சொன்னப்புறம் நாங்க எப்படிம்மா சும்மா இருக்கிறது?"

பார்த்தீர்களா! எவளோ ஒருத்தி போய்ப் புகார் சொல்லியிருக்கிறாள். அவள் பிள்ளை கொழுக்கட்டை மாதிரி இருக்கும், அதுதான் கொழுப்பு. "யார் ஃபாதர் அது? பேரைச் சொல்லுங்க, நான் கேட்டுக்கிறேன்" என்றேன். ஃபாதர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பேரெல்லாம் எதுக்கும்மா, விடு" என்றார். டீச்சரிடம் கேட்டால் அவரும், "விடு அனுஷியா" என்கிறார். எல்லாரும் சேர்ந்து அவளை மூடி மறைக்கிறார்கள். என் கையில் மட்டும் அவள் கிடைத்தால், மேடையில் பேசத் தெரிந்தவளுக்கு வாயை எங்கே மூடுவது என்று தெரிய வேண்டாமா என்று கேட்பேன்.

ஸ்... பாங்கு சொல்கிறார்கள். கேட்கிறதா? சரி, நான் கிளம்ப வேண்டும். கடைக்குப் போக வேண்டும் மேடம், பால் வாங்க. நீங்களும் வருகிறீர்களா? வாருங்கள், நடந்துகொண்டே பேசலாம். போனை மட்டும் அணைத்துப் பைக்குள் வைத்துவிடுங்கள். இனிமேல் சொல்வதைப் போடக்கூடாது. படியில் பார்த்து இறங்குங்கள்.

இந்தத் தெருவைப் பாருங்கள். எத்தனை பெண்கள் கிளம்பியிருக்கிறார்கள், பாருங்கள். எல்லார் இடுப்பிலும் பிள்ளை, கையில் ஒயர்கூடை. எல்லாரும் பால் வாங்கத்தான் போகிறோம். தொழுகை விடுகிற நேரத்துக்குத்தான் இந்த ஊரில் எல்லாருக்கும் பால் தீர்ந்துபோகும். யார் ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியாது. யாரும் யாரிடமும் பேசி வைக்கவில்லை. பள்ளிவாசலிலிருந்து வருகிறவர்கள் வருவார்கள், நாங்கள் போவோம். நிற்கக் கூடாது என்றுதானே சொன்னார்கள்? நாங்கள் நிற்கவில்லையே. தாண்டிப் போகும்போது அவர்கள் முகத்தைத் திருப்பாமலே, ஏதோ கொசுவை விரட்டுகிற மாதிரி ஒரு 'உஃப்'... நீங்களே பார்ப்பீர்கள். வண்டியில் வருகிறவர்களுக்காக அந்த ஸ்பீடு பிரேக்கர் பக்கத்தில் மெதுவாக நடப்போம், அங்கே அவர்களும் மெதுவாகத்தானே வர வேண்டும்.

பாலை என்ன செய்வதா? கேட்காதீர்கள். ஃப்ரிட்ஜ் கதவு மூட மாட்டேன் என்கிறது. டீச்சர் உறை ஊற்றித் தெரு முழுக்கத் தயிராகக் கொடுக்கிறார். எந்த வீட்டுக்குப் போனாலும் மோர்க்குழம்பு. பால் பூத்காரர் மாடி கட்டிவிட்டார், சமாதானக் கமிட்டியால் பலன் பெற்ற ஒரே மனுஷர் அவர்தான், விருதை அவருக்குக் கொடுக்கலாம்.

நான் நம்பிப் போகிறேன் என்று நினைக்காதீர்கள். நடை பிள்ளைக்கு நல்லது.

கொஞ்சம் இருங்கள். நேராகப் பாருங்கள், உற்றுப் பார்க்காதீர்கள். எதிர்ப்பக்கம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போகிறாரே, தோளில் ஒரு பெண் குழந்தை, தெரிகிறதா? ராஜப்பா குருக்கள்! கமிட்டித் தலைவரேதான். தோளில் இருப்பது மகள் வயிற்றுப் பேத்தி, ஊசி போட்டதிலிருந்து சிணுங்கிக்கொண்டே இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். நம்மைப் பார்த்துவிட்டார். இப்படித்தான் வருகிறார்.

"என்னம்மா அனுஷியா, பால் வாங்கவா?"

"ஆமா சாமி. நீங்க?"

"நானும்... பால்தான்."

கேட்டீர்களா? அவர் வீட்டில் இரண்டு பசு கறக்கிறது மேடம். அபிஷேகத்துக்குப் போக மிச்சத்தை விற்கிறார்கள். அவர் பால் வாங்கப் போகிறார்! சிரித்துவிடாதீர்கள், தயவுசெய்து. அவரும் ஸ்பீடு பிரேக்கர் பக்கம்தான் போகிறார், பார்த்தீர்களா. எவ்வளவு மெதுவாக நடக்கிறார் பாருங்கள், காலில் முள் குத்திய மாதிரி. இடமும் தெரிந்திருக்கிறது, நேரமும் தெரிந்திருக்கிறது. அவருக்கு இது முதல் நாள் இல்லை.

இதோ வண்டிகள் வருகின்றன. இந்த டி.வி.எஸ்.காரர் யாரென்று எனக்குத் தெரியாது. ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்குகிறார், பாருங்கள்... முடிந்தது. அவ்வளவுதான். குருக்கள் பேத்திக்கும் ஒன்று கிடைத்துவிட்டது. குழந்தையைக் கொஞ்சம் முன்னால் நீட்டினார், கவனித்தீர்களா? எனக்குக் கண்டுகொள்ளாத மாதிரி இருக்கத் தெரியும். அவருக்கும் தெரிகிறது.

முகில் முழிக்கவில்லை. ஒரு துள்ளல்கூட இல்லை. நெற்றியைத் தொடுங்கள். இல்லை, புறங்கையால் தொடுங்கள். வேர்த்திருக்கிறது, பார்த்தீர்களா? காது மடலெல்லாம் ஈரம். காய்ச்சல் இறங்குகிறது மேடம், இறங்குகிறது! நீங்கள் வருவதற்கு முன்னால் சிரப் கொடுத்திருந்தேன். சிரப் இப்போதுதான் வேலை செய்ய ஆரம்பித்திருக்கிறது. அதை மட்டும் வேண்டுமானால் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள், சிரப் என்று.

பால் பூத் அந்தப் பக்கம்தான், போகலாம். கொஞ்சம் பொறுங்கள், இன்னும் இரண்டு பேர் வருகிறார்கள்.